சிறு படகு மீனவர் ஒருவரின் தொழிலைப் புகைப்படத்திலும் காணொளியிலும் பதிவு செய்ய எங்கிருந்து தொடங்குவது?

பலதுறைத் தொழிற்கல்லூரி இறுதியாண்டுத் திட்டத்துக்காக, சிங்கப்பூரின் சாங்கிப் பகுதியில் சிறு படகில் மீன்பிடிக்கும் முதியவர் ஒருவரை ஆறு மாதங்கள் பின்தொடரப் போவதாகவும், எந்தக் கேமரா வாங்கலாம், எதை முதலில் எடுக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேமராவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலுள்ள ஜொகூர் நீரிணையில் தனி ஆளாகப் படகு செலுத்தும் மலாய்ப் பெரியவர் ஒருவரின் தொழிலை நான் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறேன். மலாய் வழக்கப்படி மரியாதையாக அவரைப் பாச்சிக் (மாமா) என்றும் அவர் மனைவியை மாச்சிக் (மாமி) என்றும் அழைப்பேன். முதல் மூன்று மாதங்களில் நான் எடுத்த படங்களில் பெரும்பாலானவை விடியல் வானமும் அதன்முன் நிழலுருவாக நிற்கும் பாச்சிக்கும்தான். அவற்றைக் காட்டியபோது பொறுமையாகப் பார்த்தவர், "அன்றைக்கு வலையைப் போடாமல் ஏன் திரும்பினேன் என்பது இதில் இல்லையே" என்றார். அன்று அவர் நங்கூரக் கயிற்றை இரண்டு விரல்களுக்கிடையே சிறிது நேரம் பிடித்திருந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இயந்திரத்தை மீண்டும் முடுக்கியிருந்தார். அந்த நேரத்தில் என் கேமரா கிழக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிறு படகு மீனவரின் திறமையில் பெரும்பகுதி முடிவெடுப்பதில் இருக்கிறது: எங்கே நிற்பது, எப்போது வலையை இறக்குவது, எப்போது கைவிடுவது. முடிவெடுக்கும் மனிதரின் முகத்தில் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை என்பதால், வெறும் படம் அதைக் காட்டாது. நான் கண்டுகொண்ட வழி இதுதான். ஒரு நாள் வேலையை அது நடக்கும் வரிசையிலேயே, வெட்டாமல், நீண்ட துண்டுகளாகக் காணொளியில் எடுக்கிறேன். ஓரிரு நாள்களுக்குள் பாச்சிக்கின் வீட்டு உணவு மேசையில் மடிக்கணினியை வைத்து அதை அவருக்கே ஓட்டிக் காட்டி, அவர் பேசுவதைத் தனி ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்கிறேன். தம் கைகளைத் திரையில் பார்க்கும்போது அவர் தாமாகவே "நிறுத்து" என்று சொல்லி விளக்கத் தொடங்குவார். கயிற்றின் அதிர்வில் நீரோட்டத்தின் வேகம் தெரிகிறது என்பதும், ஓட்டம் வலுத்திருந்தால் வலை நிமிர்ந்து நிற்காமல் படுத்துவிடும் என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தன. "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். "இந்த இடத்தில் வேறு என்ன செய்திருக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள்; அரை மணி நேரம் பேசுவார்கள்.

அப்படி ஒரு மாலையில்தான் அடையாளங்களைப் பற்றிச் சொன்னார். கரையில் தெரியும் இரண்டு பொருள்களை ஒரே கோட்டில் கொண்டுவந்து, வேறு திசையில் இன்னும் இரண்டை அதேபோலச் சேர்த்தால், அந்தக் கோடுகள் வெட்டும் புள்ளியில் கடலடியில் அவருடைய பூபு, அதாவது கம்பிவலையால் செய்த மீன்பொறி, கிடக்கும். சிக்லாப் கடற்கரையில் மீன்பிடித்த அவருடைய தந்தைக்குத் தென்னை மரங்களும் ஒரு மசூதிக் கூரையும் அடையாளங்களாக இருந்தனவாம். 1966இல் கிழக்குக் கடற்கரையில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புப் பணி தொடங்கிய பின் அந்தக் கரையே கடலிலிருந்து விலகிப் போனது. 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நம் தீவின் பரப்பு இன்று 730ஐத் தாண்டியிருப்பதைப் பள்ளியில் பெருமையோடு படித்திருக்கிறோம்; அந்தக் கூடுதல் நிலத்தின் அடியில் யாருடைய மீன்பிடி இடங்கள் இருந்தன என்பதை நான் அந்த உணவு மேசையில்தான் முதன்முறையாக எண்ணிப் பார்த்தேன். பாச்சிக்கின் இன்றைய அடையாளங்களுள் ஒன்று, ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் இடது ஓரம்.

இதனால் ஒரு கடமையும் வருகிறது. அவருடைய பின்னணியில் அந்த அடுக்குமாடி தெளிவாகத் தெரியும் படத்தை வெளியிட்டால், விவரம் அறிந்தவர்கள் அவருடைய பொறி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே பொறியைத் தூக்கும் காட்சிகளைப் படகுக்குள் நோக்கியோ, மேலிருந்து கீழாகவோதான் எடுக்கிறேன். கைப்பேசியில் இடக்குறிப்பு பதிவாவதை நிறுத்திவிடுகிறேன். எதை வெளியிடக்கூடாது என்று உங்கள் மீனவரிடம் முதலிலேயே கேளுங்கள். ஆறு மாதங்களுக்குப் பிறகு அவர் மனம் மாறினால் அதற்கும் இடம் கொடுங்கள்.

பெயர்களை அவர் வாயிலிருந்து வருவதுபோலவே குறித்துக்கொள்ளுங்கள். நாம் கொடுவா மீன் என்பது மலாய் பேசும் பாச்சிக்குக்குச் சியாக்காப், கலவா கெராப்பு, மடவை பெலானாக். நாகப்பட்டினக் கரையிலிருந்து வந்த என் தாத்தா படகின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் சொல்வார். கிடைத்த மீனை மீன்பாடு என்பார். அந்தச் சொற்களை நான் யாரிடமும் பதிவு செய்து வைக்கவில்லை. தாத்தா போனபின் நினைவில் எஞ்சியவை இந்த மூன்று நான்கு மட்டுமே என்பதை எண்ணும்போதெல்லாம் வருந்துகிறேன். படக்குறிப்பில் முதலில் மீனவருடைய சொல், பிறகு தமிழ், பிறகு ஆங்கிலம் என்ற வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

மாச்சிக்கை நான் வெகுநாள் தவறவிட்டேன். வலையில் சிக்கிய நண்டுகளின் கால் ஒடியாமல் பிரித்தெடுப்பதும், அவற்றை அளவு பார்த்துப் பிரிப்பதும், கைப்பேசியில் வாடிக்கையாளர்களிடம் பேசி விற்பதும் அவர்தான். கரையில் நடக்கும் இந்த வேலை பல நாள்களில் கடல்வேலையைவிட நீளமானது. வீட்டையும் தொழிலிடமாகக் கருதிப் படமெடுங்கள்.

இனிக் கருவிகள். நண்பரிடம் இரவல் கிடைக்கும் எந்த நல்ல கேமராவும் போதும். சிறு படகில் பின்னால் நகர இடமில்லாததால் 24 முதல் 35 மில்லிமீட்டர் வரையிலான அகலக் கோண லென்ஸ் ஒன்று வேண்டும். உப்புக்காற்றில் லென்ஸ் மாற்ற வேண்டாம். இங்கே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது. அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் மூன்று மணி நேர வேலை அவருடைய நெற்றி விளக்கின் ஒளியில்தான் நடக்கும். அதை அப்படியே எடுங்கள். கூடுதல் விளக்கு போட்டு அவர் கண்ணைக் கூசச் செய்யாதீர்கள். குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். அரை மணி நேரம் பையிலேயே இருக்கட்டும். ஒலிக்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம்: சட்டைக்குள் பொருத்தும் சிறு ஒலிவாங்கி இல்லாவிட்டால் இயந்திர இரைச்சலைத் தவிர எதுவும் மிஞ்சாது. சாங்கி விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றி டிரோன் பறக்கவிடக் கூடாது என்பதால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். உயிர்காப்பு அங்கியை மறக்காதீர்கள்.

முதல் சந்திப்புக்குக் கடல் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து நாள் குறியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீரோட்டம் வலுப்பதால் பாச்சிக் பெரும்பாலும் கரையில் உட்கார்ந்து வலை பழுதுபார்ப்பார். உங்கள் மீனவருக்கும் அப்படி நாள்கள் இருக்கும். அன்று கேமரா இல்லாமல் போய், அறுந்த கண்ணிகளை எப்படி முடிச்சிடுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஊசியை உங்கள் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.