ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும், சரி, அப்புறம்?

கேள்வி: சி மொழியில் சொந்தமாக ஒரு சின்ன ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) லைப்ரரி எழுதினேன். ஆவணம் எழுத உட்கார்ந்தால் "இந்த ஃபங்ஷன் ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும்" என்பதற்கு மேல் ஒரு வரிகூட வரவில்லை. வேறு என்னதான் எழுதுவது?

பதில்: நகலெடுக்கும் என்பது ஃபங்ஷனின் பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்துபவர் ஆவணத்தைத் திறப்பது வேறு சந்தேகங்களுக்காக. பஃபர், அதாவது நகலை வைக்கும் இடம், அதன் அளவு என்று நீங்கள் கேட்பதில் ஸ்ட்ரிங் முடிந்தது என்று காட்டும் கடைசிப் பூஜ்ய பைட்டும் சேர்த்தியா? இடம் போதாவிட்டால் வெட்டிவிடுமா, பிழை என்று சொல்லுமா? திரும்பி வரும் மெமரியை விடுவிப்பது யார் வேலை?

இவற்றைப் படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சி மொழியோடு வரும் ஸ்டர்என்காப்பி (strncpy) ஃபங்ஷனைப் பாருங்கள். இடத்தின் அளவைப் பார்க்காமலே நகலெடுக்கும் ஸ்டர்காப்பியின் (strcpy) பாதுகாப்பான வடிவம் இதுதான் என்று நம்பி இன்றும் பலர் எழுதுகிறார்கள். ஆனால் மூல ஸ்ட்ரிங்கின் நீளம் நாம் கொடுத்த அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் அது பூஜ்ய பைட்டைப் போடவே போடாது, அடுத்து அதைப் படிக்கிற ஃபங்ஷன் பஃபரைத் தாண்டி ஓடும். ஸ்ட்ரிங் சிறியதாக இருந்தாலோ மீதி இடம் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பும். பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயருக்கு 14 பைட் என்று நிலையான இடம் இருந்ததே, அந்த மாதிரி இடங்களை நிரப்ப இது சரியான கருவி. பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது.

1998-இல் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் வந்த ஸ்டர்எல்காப்பி (strlcpy), மூலத்தின் முழு நீளத்தைத் திருப்பித் தரும். அது பஃபர் அளவுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் நீளத்தைச் சொல்வதற்காக மூலத்தைக் கடைசிவரை படித்தாக வேண்டும், அதனால் மூலத்தில் முடிவுப் பைட் இல்லாவிட்டால் இதுவும் ஆபத்துதான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இதைக் கைவிட்டு ஸ்டர்எஸ்காப்பிக்கு (strscpy) போனது. அது இடம் போதாதபோது எதிர்மறைப் பிழை எண்ணைத் தருகிறது. எனக்கு இதுதான் பிடிக்கும், வெட்டுப்பட்டது என்பதைத் தனியாக ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நீளம் என்றால் பைட்டா எழுத்தா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் "கி" 6 பைட், ககரத்துக்கு 3, இகரக் குறிக்கு 3. நான்காவது பைட்டில் வெட்டினால் மிஞ்சுவது ஒரு "க"வும் உடைந்த ஒரு பைட்டும்.

இந்த விவரங்களை எழுதும்போது ஏதாவது ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் "ஆனால்", "தவிர" என்று விதிவிலக்குகள் நீண்டுகொண்டே போகும் பாருங்கள், அங்கே ஆவணத்தை நிறுத்திவிட்டு அந்த ஃபங்ஷனையே மாற்றி எழுதுங்கள்.