36,482 எங்கிருந்து வந்தது?

வணக்கம். மகன் தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சை கிட்ட வருகிறது. வாய்ப்பாடெல்லாம் மளமளவென்று சொல்வான். ஆனால் நாலிலக்க எண்ணைத் தனி இலக்கத்தால் பெருக்கக் கொடுத்தால் பாதிக்கு மேல் பிழை. தினமும் 30 கணக்குச் செய்ய வைக்கிறேன். இரண்டு பேருக்கும் அழுகைதான் மிச்சம். கொப்பியில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள சகோதரிக்கு,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 4,072 × 6. மகனின் விடை 36,482. சிவப்புப் பேனையால் பெரிய புள்ளடி போட்டிருக்கிறீர்கள். சரியான விடை 24,432தான். ஆனால் அவன் குருட்டாம்போக்கில் எழுதவில்லை. ஆறிரண்டு 12, 2ஐ எழுதி, 1ஐ 7இன் தலைக்கு மேல் போட்டிருக்கிறான். அதுவரை சரி. அடுத்து ஆறேழு 42, அதோடு 1 கூட்டி 43 என்று போகாமல், முதலே 1ஐ 7உடன் கூட்டி 8 ஆக்கிவிட்டு ஆறெட்டு 48 என்கிறான். பூச்சியத்துக்கு மேல் ஏறிய 4க்கும் அதே கதை: ஆறுநாலு 24. கடைசியில் 4உம் 2உம் 6, ஆறாறு 36. வாய்ப்பாட்டில் ஒரு குறையும் இல்லை; பெருக்குவதற்கு முன் கூட்டிவிடுகிறான், அவ்வளவுதான். பக்கத்தில் உள்ள மற்றப் பிழைகளும் இதே இனம். அப்படியானால் தினம் 30 கணக்கு என்பது, அந்தப் பிழையை 30 தரம் பழகுவது.

கொஞ்ச நாளைக்குத் தலைக்கு மேல் குட்டி எண் போடுவதையே விடச் சொல்லுங்கள். 4,000இன் ஆறு மடங்கு 24,000, 70க்கு 420, 2க்கு 12. ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டட்டும். நேரம் போதாது என்று ரியூசனில் முணுமுணுப்பார்கள். போகட்டும், குறுக்குவழி அப்புறம் வரும்.

இன்னொன்று, விடை ஏறக்குறைய எவ்வளவு என்று முதலே கேளுங்கள். பேனை கூட வேண்டாம், கிண்ணியா பஸ்ஸில் இருந்தபடியே கேட்கலாம். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். ஏழு தரம் கடந்தால்? 400 என்று வைத்தால் 2,800. தரத்துக்கு 4 மீற்றர் கூட எடுத்துவிட்டோம். 28ஐக் கழித்தால் 2,772. இந்தப் பழக்கம் வந்துவிட்டால், நாலாயிரத்துச் சொச்சத்தின் ஆறு மடங்காக 36,482 வந்து நிற்கும்போது அவனே முழிப்பான்.

நாளைக்கு 30 வேண்டாம். 3,096 × 8 மட்டும். 24,768 வந்தால் கொப்பியை மூடிவிட்டு இரண்டு பேரும் கடற்கரைக்குப் போய்வாருங்கள். வராவிட்டால் அந்தப் பக்கத்தையும் அனுப்புங்கள், புள்ளடி போடாமல்.