செங்கோட்டை அண்ணாச்சி பதில்கள்: இந்த மாதம் முழுக்க நிலவறை டைல்

போன இதழில், கல்யாண மேடைக்கு எழுத்து வெட்டி மிஞ்சிய தெர்மாகோலில் என் அக்கா பேரனுக்கு நிலவறை டைல், அதாவது கதை விளையாட்டுக்கு மேசைமேல் அடுக்கும் தரைத் துண்டு, செய்து கொடுத்ததை நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. அதனால் கொலுப்படி, தோரணக் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன். அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (புனலூர் வாசகி): அண்ணாச்சி, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனும் அவன் கூட்டாளிகள் நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். டைல் வாங்கித் தா என்கிறான். வெளிநாட்டுப் பெட்டியின் விலை எங்களுக்குக் கட்டாது. எனக்கு அந்த விளையாட்டே பிடிபடவில்லை. வீட்டில் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம் தங்கச்சி. முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் டைல் எதற்கு என்று விளங்கும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இருவர் உருவாக்கி 1974-இல் வெளிவந்தது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வாள் வீரன், மந்திரவாதி, பூட்டுத் திறக்கிற திருடன். “கதவுக்குப் பின்னால் படிக்கட்டு கீழே இறங்குகிறது, என்ன செய்யப் போகிறாய்?” என்று நடத்துபவர் கேட்பார். சொன்ன காரியம் பலிக்குமா என்பதை 20 முகம் கொண்ட பகடை முடிவு செய்யும். ஒருவரை ஒருவர் தோற்கடிக்கிற ஆட்டம் கிடையாது, எல்லாரும் சேர்ந்து ஒரு கதைக்குள் போகிறார்கள். அதனால்தான் உங்கள் மகனுக்குப் பொழுது போவது தெரியவில்லை.

கதையில் சண்டை வந்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் பாத்திரத்துக்கு ஒரு சின்னப் பொம்மையும், அது நிற்கக் கட்டம் போட்ட தரையும். மேசையில் ஓர் அங்குலக் கட்டம் கதையில் 5 அடி. மனிதப் பாத்திரம் ஒரு முறைக்கு 30 அடி, அதாவது 6 கட்டம் நகரலாம். தரையைத் துண்டு துண்டாகச் செய்து வைத்தால் ஒவ்வொரு ஞாயிறும் வேறு நிலவறை அடுக்கலாம். அந்தத் துண்டுதான் டைல்.

செய்ய உட்காருகிற எல்லாரும் கல் மாதிரி வர வேண்டும் என்று வர்ணத்திலேயே கண்ணாக இருக்கிறார்கள். நான் அளவில் தொடங்கச் சொல்வேன். அங்குலத்தில் வெட்டுவதென்றால் கடைசிவரை அங்குலம்தான். பள்ளிக்கூட ஸ்கேலில் இரண்டரை சென்டிமீட்டர் எடுத்து ‘ஏறக்குறைய ஓர் அங்குலம்தானே’ என்று வெட்டினால், ஒரு டைலில் தெரியாது. 12 கட்டம் வரிசையாகச் சேரும்போது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் குறையும். இரண்டு பேர் ஆளுக்கோர் அளவில் வெட்டிய டைல்கள் ஒரு நாளும் சேராது. என் அக்கா பேரன் செய்த முதல் ஈடு அப்படித்தான் வீணாகப் போனது, பாவம், அழுதே விட்டான்.

அதனால் தச்சர் வைத்திருப்பதுபோல ஓர் அளவுக்கட்டை செய்யுங்கள். சரியாக 2 அங்குலம் அகலமுள்ள மரச்சட்டம் ஒன்று போதும். ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்கேல் வைத்து அளக்காமல், அந்தச் சட்டத்தை ஒட்டி வைத்து வெட்டுங்கள். புது பிளேடு போடுங்கள். ஒரே அழுத்தாக அழுத்தாமல் மூன்று தரம் லேசாக இழுங்கள். பிளேடு நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் ஓரம் சரிந்து, இரண்டு டைலுக்கு நடுவில் இடுக்கு விழும்.

முதல் தடவைக்கு 2-க்கு 2 அங்குலத்தில் 8, 2-க்கு 4-இல் 6, 4-க்கு 4-இல் 2 செய்துகொள்ளுங்கள். ஒரு சாயங்கால ஆட்டத்துக்குத் தாராளம். இரண்டு கட்ட அகலம் என்பது கதையில் 10 அடி வழிநடை, இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம். கடையில் கிடைக்கும் ஒரு மீட்டருக்கு அரை மீட்டர் தெர்மாகோல் தகட்டில் இதற்கு ஏழில் ஒரு பங்குதான் செலவாகும்.

கேள்வி (தென்காசி கல்லூரி மாணவர்): தெர்மாகோல் டைல் மேல் ஸ்பிரே பெயின்ட் அடித்தேன். அடித்த இடமெல்லாம் குழி விழுந்து உருகிப்போனது. மட்டமான தெர்மாகோலா?

பதில்: தெர்மாகோல் மேல் குற்றமில்லை தம்பி. அது பாலிஸ்டைரீன் மணிகளை ஊத வைத்து ஒட்டியது. 100-க்கு 98 பங்கு காற்றுதான். ஸ்பிரே டப்பாவில் இருக்கிற கரைப்பான் அந்தப் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். தோல், ரெக்சின் ஒட்டுகிற ரப்பர் பசையும் அப்படியே, சொட்டு விட்டால் ஒட்டுகிற உடனடிப் பசையும் அப்படியே. சூடான பசைத் துப்பாக்கியும் அரித்துவிடும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் மணப்பெண் பெயரின் முதல் எழுத்தை, முகூர்த்தத்துக்கு 3 மணி நேரம் இருக்கும்போது, தங்க ஸ்பிரே அடித்துக் கரைத்திருக்கிறேன். அன்று முதல் என் பையில் ஃபெவிகாலும் தண்ணீர்ப் பெயின்ட்டும் தவிர வேறெதுவும் தெர்மாகோல் பக்கம் வந்ததில்லை.

ஸ்பிரேதான் வேண்டும் என்றால் முதலில் கவசம் போடுங்கள். ஃபெவிகால் இரண்டு பங்கு, கறுப்பு அக்ரிலிக் ஒரு பங்கு, கொஞ்சம் தண்ணீர். இதைச் சந்து பொந்து விடாமல் இரண்டு கை பூசிக் காய வையுங்கள். ஊசிமுனை இடம் விட்டுப்போனாலும் அங்கே கரையும். இந்தக் கறுப்பே அடிவர்ணமாகவும் ஆகிவிடுவதால், என்னைக் கேட்டால் அதற்குமேல் ஸ்பிரேக்கு வேலையே இல்லை.

இன்னொன்று. நிக்ரோம் கம்பியைச் சூடாக்கி வெட்டுகிறீர்கள் என்றால் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். அந்தப் புகை மூச்சுக்கு ஆகாது. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். வெட்டி உதிர்ந்த மணிகளை உடனே சாக்கில் கட்டிவிடுங்கள். நம் பக்கத்துக் காற்றுக்கு அது வயல் வரைக்கும் பறந்து போய்விடும்.

கேள்வி (ஆரியங்காவு வாசகர்): அண்ணாச்சி, நான் அட்டையில் செய்தேன். மார்ச் மாதம் பலகைபோல இருந்த டைல், ஜூன் கடைசியில் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. மேல் வைத்த பொம்மை நிற்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: நீங்கள் இருப்பது கணவாயின் வாயில். தென்மேற்குப் பருவக் காற்று உங்கள் வீட்டைத் தாண்டித்தான் எங்கள் ஊருக்குச் சாரலாக வருகிறது. எங்கள் வீட்டிலேயே ஆனி, ஆடியில் தீப்பெட்டி உரசாது. உங்கள் பக்கம் கேட்கவே வேண்டாம்.

அட்டை ஏன் வளைகிறது என்று தெரிந்துகொண்டால் வைத்தியம் எளிது. காகித இழை ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீங்கள் மேல் பக்கம் மட்டும் பசையும் வர்ணமும் பூசியிருப்பீர்கள். பூசின பக்கம் காயும்போது சுருங்கி இழுக்கிறது. பூசாத அடிப்பக்கம் சாரல் ஈரத்தைத் தடையில்லாமல் குடித்து உப்புகிறது. இரண்டும் சேர்ந்து வளைத்துவிடுகின்றன.

ஆகவே மேலே எத்தனை கை பூசினீர்களோ, அடியிலும் அத்தனை கை பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாத பக்கம்தானே என்று விடாதீர்கள். நாலு ஓரத்துக்கும் ஃபெவிகால் தடவுங்கள், அட்டை அதிகமாக ஈரம் குடிப்பது வெட்டிய வாயில்தான். அப்புறம், ஒரே தடித்த அட்டையைவிட மெல்லிய அட்டை மூன்றை ஒட்டுவது நல்லது. ஒட்டும்போது நடு அட்டையின் இழை மற்ற இரண்டுக்கும் குறுக்காக வர வேண்டும். அட்டையை இரு பக்கமாகவும் மெல்லச் சுருட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாகக் குழல்போல வருகிறதோ, அந்தக் குழலின் நீளவாக்குத்தான் இழை. ஒட்டியதும் ஒரு ராத்திரி முழுக்க அம்மிக்கல்லோ தடித்த புத்தகக் கட்டோ மேலே இருக்கட்டும். அவசரப்பட்டு வெயிலில் வைக்காதீர்கள்.

மைதாப் பசையில் ஒட்டலாமா என்று நீங்களே கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பூச்சி அரிக்கும். பழைய பைண்டிங்காரர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள், பூச்சி வராது. ஆனால் அது விஷம். பிள்ளைகள் தொட்டு விளையாடிவிட்டு அதே கையால் முறுக்கு எடுப்பார்கள். ஃபெவிகாலே போதும்.

சாரல் மாதங்களில் டைல்களைத் தரையில் வைக்காமல், தகர டிரங்குப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டுப் பரண்மேல் வையுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் அடிப்பலகையை மட்டும் சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் நுரைப் பலகையில் வெட்டுங்கள். அது காகிதமில்லை, ஈரம் குடிக்காது. அட்டையைவிட விலை கூடுதல்தான். ஆரியங்காவுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகி): கல் மாதிரி எப்படி வர வைப்பது? நான் செய்தது சாம்பல் பெயின்ட் அடித்த தெர்மாகோலாகவே தெரிகிறது.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் அம்மா.

முதலில் அந்த மணி மணியான தோற்றத்தை மறைக்க வேண்டும். சுவருக்குப் பூசும் பட்டியில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து மெல்லிசாக ஒரு கை இழுங்கள். ஃபெவிகால் இல்லாமல் பூசினால் வெடிக்கும். அரை ஈரமாக இருக்கும்போது மழுங்கிய பென்சிலால் கல்லின் இணைப்புக் கோடுகளை அழுத்திப் போடுங்கள். ஓர் அங்குலக் கட்டக் கோடு எப்படியும் வேண்டும். அதையே கல்லின் இணைப்பாக ஆக்கிவிட்டால் கட்டமும் தெரியும், செயற்கையாகவும் இருக்காது. பிறகு சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி மேலே உருட்டுங்கள். கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். உருண்டையைத் திருப்பித் திருப்பி உருட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரே தழும்பு எல்லாக் கல்லிலும் வரும்.

வர்ணத்துக்குச் சின்னச் சின்ன டியூப் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை எமல்ஷன் ஒரு கிண்ணம், அதில் கலக்கிச் சாம்பலாக்கக் கறுப்பு ஸ்டெய்னர் (நிறக்குழம்பு) ஒரு குப்பி. முதலில் கறுப்பு. காய்ந்ததும் நடுச் சாம்பல். அதற்குமேல் வெளிர்ச் சாம்பலைத் தூரிகையில் எடுத்து, பழந்துணியில் துடைத்துத் துடைத்து, தூரிகை கிட்டத்தட்ட வறண்டபின் மேலாக ஓட்டுங்கள். மேடு மட்டும் வெளுக்கும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். கல் தெரிவது அந்தக் கணத்தில்தான். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அந்த இடம் அலுப்பதில்லை.

ஆனால் என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். நிலவறை என்றால் ஏன் எல்லாரும் ஐரோப்பியக் கோட்டையின் சாம்பல் கல்லையே செய்கிறோம்? அந்தக் கல்லை நாம் பார்த்ததில்லை. படத்தைப் பார்த்துச் செய்ததைப் பார்த்து இன்னொருவர் செய்கிறார். பாலக்காட்டுப் பக்கம் கிணற்றுச் சுவரிலும் பழைய வீட்டு மதிலிலும் வெட்டுகல் இருக்கிறதே, போய்க் கையால் தடவிப் பாருங்கள். தேன்கூடு மாதிரி துளை துளையாக, துளைக்குள் மஞ்சள் மண், மேலே செம்பழுப்பு, மழைபட்ட பக்கம் கறுத்திருக்கும். அதற்குக் கறுப்பு அடிவர்ணம் வேண்டாம். கரும்பழுப்பு அடித்து, பஞ்சால் செங்காவி ஒற்றி, துளைகளில் மட்டும் மஞ்சள் காவியைத் தண்ணீராக ஓட விடுங்கள். துளை போடப் பழைய பல்துலக்கியின் பின்முனை போதும். தெர்மாகோலின் மணிகூட இங்கே உதவிக்கு வரும், இரண்டொன்றைப் பெயர்த்து எடுத்தால் அதுவே வெட்டுகல் துளை.

நான் எங்கள் பக்கத்துக் கல்லைச் செய்கிறேன். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். இங்கே இரண்டு நாட்டுக் கைவேலையும் பார்க்கலாம். கொல்லம் பாதையில் 1904-இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. அதில் கழுதுருட்டி பக்கம் பதிமூன்று கண் பாலம் இருக்கிறது. சாரல் நாளில் அந்தக் கருங்கல் தூணில் தண்ணீர் வழிந்த கோடும், அதன் ஓரத்தில் பச்சைப் பாசியும் நான் வர்ணம் கற்ற பாடம். பாசி எல்லா இடத்திலும் படராது. தண்ணீர் தங்கும் இணைப்பிலும் வெயில் படாத அடியிலும்தான் படரும். டைலிலும் அங்கே மட்டும் பச்சை வையுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): சுவர் எவ்வளவு உயரம் வைக்க வேண்டும்?

பதில்: அரை அங்குலம். பொம்மைகள் 28 மில்லிமீட்டர் அளவில் வருபவை. சுவரை அதற்கு ஏற்ப உயர்த்தினால் மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. எழுந்து எழுந்து எட்டிப் பார்ப்பார்கள், முழங்கை பட்டு எல்லாம் சரியும்.

கேள்வி (புளியரையிலிருந்து ஒரு பெரியவர்): என் பேத்திக்குச் செய்து கொடுக்க ஆசை. எனக்குத் தெரிந்த கட்டம் எல்லாம் ஆடுபுலி ஆட்டம்தான். அதை இதில் எங்கேயாவது சேர்க்க முடியுமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். கட்டாயம் சேர்க்கலாம். பழைய கோயில் மண்டபத் தரைகளில் யாரோ உளியால் கீறிவைத்த ஆடுபுலிக் கட்டம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். 4-க்கு 4 அங்குல டைல் ஒன்றில், கல் இணைப்புகளுக்குக் குறுக்கே அதை லேசாகக் கீறிவிடுங்கள். பாழடைந்த மண்டபம், தரையில் காவல்காரர்கள் ஆடிய ஆட்டம். கதை நடத்துகிற பிள்ளைக்கு அதிலிருந்தே ஒரு புதிர் கிடைக்கும். மூன்று புலியையும் அடைத்தால்தான் கதவு திறக்கும் என்று வைத்தால், பேத்தி முறை சொல்லித்தரச் சொல்லி உங்களிடம்தான் வர வேண்டும்.

கீறலின் ஆழமும் தேய்மானமும் அப்படியே வேண்டுமென்றால், உங்கள் பக்கத்து மண்டபத்தில் கட்டத்தின் மேல் மெல்லிய காகிதம் விரித்துக் கரித்துண்டால் படுக்கவாட்டில் தேய்த்து எடுங்கள். கல்லுக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அந்தத் தாளில் இன்னொரு பிரதி எடுக்க முடிந்தால் எனக்கும் அனுப்புங்கள் ஐயா.