“கடைசி விலை என்ன?” என்று கேட்டாலே கை நடுங்குகிறது

கேள்வி: வீடு மாறும்போது பழைய ஃபிரிட்ஜை ஓஎல்எக்ஸில் 7,000 ரூபாய்க்குப் போட்டேன். ஒருவர் மெசேஜில் “லாஸ்ட் பிரைஸ்?” என்றார், 6,000 என்றேன். டெம்போவோடு வாசலில் வந்து நின்று, “கதவு ரப்பர் போயிருக்கே மேடம்” என்று 4,000 கொடுத்துவிட்டு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இப்போது வேலைக்குப் போய்வர 2019 மாடல் ஆக்டிவா ஒன்று பார்த்திருக்கிறேன். 48,000 சொல்கிறார்கள். என்னிடம் எல்லாம் சேர்த்து 52,000தான் இருக்கிறது. சண்டை போடுவதுபோல் இல்லாமல் எப்படிக் குறைத்துக் கேட்பது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஃபிரிட்ஜில் நீங்கள் இழந்த 2,000 ரூபாய்க்குக் காரணம் உங்கள் மென்மை இல்லை. பொருளைப் பார்க்காதவரிடமே கடைசி விலையைச் சொல்லிவிட்டீர்கள். அது அவருக்குப் பேரத்தின் ஆரம்ப விலை ஆகிவிட்டது. இனிமேல் அந்த மெசேஜ் வந்தால், “நேரில் வந்து பாருங்க சார், பிடிச்சிருந்தா பேசிக்கலாம்” என்பதோடு நிறுத்துங்கள். ரப்பர் கிழிந்திருப்பதை நீங்களே போட்டோ எடுத்துப் போட்டுவிட்டால் வாசலில் அவருக்குப் பிடி கிடைக்காது. இன்னொன்று, வீடு காலி செய்யும் வாரத்தில் விற்கப் போனால் அடிமாட்டு விலைதான். ஒரு மாதம் முன்பே போட்டிருக்கலாம்.

இப்போது வண்டிக்கு வருவோம். “கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அவர் 500 குறைப்பார், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய், வண்டிக்கு உடனே ஆகும் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணத்துக்கு, இரண்டு டயர் 3,200, பேட்டரி 1,500, பெயர் மாற்றமும் அடுத்த மாதம் முடியும் இன்ஷூரன்ஸும் சேர்த்து 1,800 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,500. உங்கள் 52,000இல் இதைக் கழித்தால் 45,500. அதுதான் உங்கள் உச்சவரம்பு. அவரிடம் சொல்ல வேண்டாம்.

43,000இல் ஆரம்பியுங்கள். “வண்டியை நல்லா வச்சிருக்கீங்கண்ணா. டயரும் பேட்டரியும் மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார், அதான் இந்த விலை கேக்கறேன்” என்று தாளைக் காட்டுங்கள். வண்டியைக் குறைசொன்னால் அவருக்குச் சுருக்கென்று இருக்கும். செலவைச் சொன்னால் அவரும் சேர்ந்து கணக்குப் போடுவார். முழு 6,500ஐயும் அவர் தலையில் கட்டப் பார்க்காதீர்கள், அது நியாயமும் இல்லை. பழைய வண்டி என்பதற்காகத்தானே 48,000 சொல்கிறார்! விலையைச் சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். நம்மில் பலர் அந்த அரை நிமிட மௌனம் தாங்காமல் நாமே விலையை ஏற்றிவிடுகிறோம்.

உங்கள் கையில் பணத்தைவிடப் பெரிய துருப்பு ஒன்று இருக்கிறது. ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பெயர் மாறாதவரை, வண்டி விபத்தில் சிக்கினால் பழைய உரிமையாளரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்பவர்களுக்கு உள்ளூர இந்தப் பயம் உண்டு. “பெயர் மாத்தற படிவம் 29, 30இல் இன்னிக்கே கையெழுத்து போட்டுடலாம், இந்த வாரமே நான் பெயர் மாத்திடறேன்” என்று சொல்லிப் பாருங்கள். ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கிறேன் என்பவரைவிட உங்களுக்கு விற்கவே பலரும் விரும்புவார்கள். சொன்னபடி செய்தும் விடுங்கள். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

பேரமே பேசாமல், பொருளையும் பார்க்காமல் “முழுப் பணமும் அனுப்பறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க” என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி இப்படி ஏமாற்றியவர்கள் நிறைய. பணம் பெறுவதற்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். வண்டியைப் பார்க்கும் முன் “டோக்கன் அட்வான்ஸ்” கேட்பவருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

ஆர்சியில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்சியிலிருந்து வங்கியின் பெயரை நீக்குவதற்கான படிவம் 35உம் கைக்கு வரும்வரை 45,500 என்ன, 40,000க்குக் கொடுத்தாலும் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.