டீஃபன்பேக்கர் ஏரி: மே மாதத்தில் தண்ணீர் எங்கே போனது?

டீஃபன்பேக்கர் ஏரியின் அணை கசிகிறதா என்று கேட்டிருந்தீர்கள்; கசிவு எதுவும் இல்லை. மே மாதம் போனபோது படகு இறக்கும் சாய்தளத்துக்கு எட்டாமல் தண்ணீர் கீழே கிடந்தது என்கிறீர்கள். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் உள்ள இந்த ஏரியில் அது வருடாவருடம் நடப்பதுதான்.

டீஃபன்பேக்கர் இயற்கை ஏரி அல்ல. 1967-இல் கட்டி முடித்த கார்டினர் அணை, 64 மீட்டர் உயர மண்ணணை, தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றை மறித்ததால் வந்த நீர்த்தேக்கம். குளிர்காலம் முழுக்க மின்சாரத்துக்காகத் தண்ணீரைத் திறப்பார்கள். ராக்கி மலைப் பனி உருகி வரும் ஜூன், ஜூலையில்தான் மட்டம் நன்றாக ஏறும்.

கிளம்பும் முன் மாகாண நீர் முகமை வெளியிடும் நீர்மட்டத்தைப் பாருங்கள். நிறைந்த மட்டம் கடல்மட்டத்திலிருந்து 556.87 மீட்டர், அதிலிருந்து எவ்வளவு குறைவு என்று கணக்கிடுங்கள்.

அப்புறம், வறட்சி ஆண்டில் ஜூலையிலும் நிறையாமல் போகலாம். ஈரக் கரையில் மட்டும் தயவுசெய்து வண்டியை இறக்காதீர்கள், புதைந்துவிடும்.