கடவுளுக்குக் காரணம் யார்?

கேள்வி: "எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, உலகத்துக்குக் காரணம் கடவுள்" என்று தம்பியிடம் சொன்னேன். "அப்படியானால் கடவுளுக்குக் காரணம் யார்?" என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து வழிபாட்டில் மனம் ஒன்றவில்லை. அசைக்க முடியாத வாதம் ஏதேனும் உண்டா? – ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, தம்பி கேட்டது சரியான கேள்வி. ஆனால், நீங்கள் வாதத்தைச் சொன்ன விதத்துக்குத்தான் அது பொருந்தும். பதினோராம் நூற்றாண்டில் இஸ்லாமிய அறிஞர் அல் கஸாலி, "தோன்றியவற்றுக்கு" மட்டுமே காரணம் கேட்டார். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவில் அதன் ஆசிரியர் மெய்கண்டாரும் தோன்றி, நின்று, ஒடுங்கும் உலகத்துக்கே காரணம் தேடுகிறார். தோற்றமே இல்லாத ஒன்றிடம் தம்பியின் கேள்வி செல்லாது.

ஆனாலும் வாதம் தப்பிவிடவில்லை. அவன், அவள், அது என நாம் சுட்டும் ஒவ்வொன்றும் தோன்றி மறைகிறது; சரி. மொத்த உலகமும் அப்படித் தோன்றியதுதான் என்பதற்கு என்ன உறுதி? 1948-இல் பி.பி.சி. வானொலியில் பாதிரியார் கோப்பிள்ஸ்டனுடன் விவாதித்த ஆங்கிலத் தத்துவ அறிஞர் ரஸ்ஸல் இந்த இடத்தில்தான் கைவைத்தார். மனிதர் ஒவ்வொருவருக்கும் தாய் உண்டு. அதனால் மனித இனத்துக்கே ஒரு தாய் இருந்தாக வேண்டுமா? எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றும் இடைவெளி வேறு. முதற்காரணம் ஒன்று உண்டென்றே வைத்துக்கொள்வோம். அது உங்கள் கண்ணீரை அறியும் கடவுள் என்பதை எந்தக் காரணகாரிய வாதமும் தனியாக நிறுவுவதில்லை.

மற்ற வாதங்களுக்கும் அடி விழுந்திருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தால் செய்தவன் நினைவுக்கு வருவதுபோல உயிர்களைப் பார்த்தால் படைத்தவன் தெரிவான் என்றார் ஆங்கிலேயப் பாதிரியார் பேலி, 1802-இல். 1859-இல் டார்வின் அதற்கு வேறு விளக்கம் தந்தார். 'இதைவிடப் பெரியதை நினைக்கவே முடியாதது' என்ற கருத்திலிருந்தே கடவுளின் இருப்பை வருவித்தார் இடைக்காலக் கிறிஸ்தவத் துறவி ஆன்செல்ம். நூறு நாணயங்களை மனத்தில் எவ்வளவு துல்லியமாக நினைத்துப் பார்த்தாலும் அவை கைக்கு வந்துவிடாது என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் அதை மறுத்தார். எனக்கும் கான்ட் பக்கமே நியாயம் தெரிகிறது.

ஆகவே, நீங்கள் கேட்கும் அசைக்க முடியாத வாதம் என்னிடம் இல்லை. ஒரு வாதம் தோற்றால் கடவுள் இல்லை என்று முடிவாகிவிடாது; இதைத் தம்பியும் ஏற்கத்தான் வேண்டும்.

ஒன்று கேட்கிறேன்: இந்த வாதத்தைக் கேட்டுவிட்டா வழிபடத் தொடங்கினீர்கள்? இல்லையென்றால், அது சரிந்ததற்காக நிறுத்துவானேன்? மனம் ஒன்றாத நாளில் ஒன்றாத மனத்தோடே அமருங்கள். தம்பியிடம், "நான் சொன்னது பிழை" என்று ஒப்புக்கொண்டு, "தோன்றியவற்றுக்குக் காரணம் உண்டு" என்று திருத்திச் சொல்லுங்கள். அடுத்து அவன் என்ன கேட்கிறான் என்று எனக்கும் எழுதுங்கள்.