ரீல்ஸ் எடிட் தெரியும், கிளையண்ட் வரவில்லை: கேள்வி பதில்

கோவையில் கடைகளுக்கும் சிறுதொழில் செய்கிறவர்களுக்கும் வீடியோ எடுத்து, எடிட் செய்து கொடுப்பது என் வேலை. 2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக் தடையானது. ஜூலையில் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே வந்தன. அதுவரை நோட்டீஸ்கூட அடிக்காத கடைக்காரர்கள் ‘ஒரு ரீல் போடணும்’ என்று கேட்க ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். வேலை நிறைய இருக்கிறது. அது நல்ல எடிட்டர்கள் பலரின் கைக்குப் போய்ச் சேராததுதான் எனக்கு வருத்தம். போர்ட்ஃபோலியோ, அதாவது வேலை கேட்கும்போது காட்டும் மாதிரி வீடியோக்கள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

மதுரை, கல்லூரி மாணவர்: அக்கா, என் பக்கத்தில் நாற்பது எடிட்டுக்கு மேல் இருக்கு. சினிமா சீன், கேமிங், கார் எல்லாம் போட்டிருக்கேன். லைக் வருது, ஆனா ஒரு கடைக்காரர்கூட கேட்டதில்லை. ஏன்?

தம்பி, ஒரு பாத்திரக்கடைக்காரர் உங்கள் பக்கத்தைத் திறக்கிறார் என்று வையுங்கள். அவர் தேடுவது தன் கடையை. குத்துவிளக்கு, எவர்சில்வர் அடுக்கு, கல்லாப்பெட்டி, இப்படி ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் நின்று பார்ப்பார். நீங்கள் காட்டுவதோ வேறு யாரோ பல கோடி செலவழித்து எடுத்த காட்சி. அதில் உங்கள் பங்கு எவ்வளவு என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

சினிமா எடிட்டுகளை இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வேலைக்கான பக்கத்தில் ஆறு முதல் எட்டு வீடியோ போதும். சாப்பாட்டுக்கடை, துணிக்கடை, கிளினிக் என்று ஏதாவது ஒரு துறையில் குறைந்தது மூன்று வீடியோ இருக்கட்டும். இன்ஸ்டாகிராமில் மூன்று பதிவுகளை ‘பின்’ (pin) செய்து மேலே வைக்கலாம் இல்லையா, அந்த இடம் அவற்றுக்குத்தான். ‘இந்தப் பையன் நகைக்கடைக்கு நல்லா பண்ணுவான்’ என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும்போதுதான் வேலை வரும்.

திருப்பூர், புதிதாகத் தொடங்குபவர்: கிளையண்டே இல்லாதபோது எதைக் காட்டுவது?

நீங்களே தெரிந்த ஒரு கடைக்குப் போய் எடுங்கள். நான் முதலில் எடுத்தது எங்கள் தெருவில் ஆரி வேலை செய்யும் ஒரு அக்காவை. மத்தியானம் இரண்டு மணி, ஜன்னல் வெளிச்சம். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய ரவிக்கைத் துணி. ஊசி மேலிருந்து துணிக்குள் இறங்கி, அடியில் இருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுக்கும்போது ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். மத்தளத் தோலைத் தட்டியது போல இருக்கும். செல்போனைத் துணிக்குப் பக்கத்தில் வைத்து அந்தச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்தேன். வீடியோ தொடங்குவதே அந்த ஊசியிலும் சத்தத்திலும்தான். கடைப்பெயர், லோகோ, வணக்கம் எதுவும் முதலில் இல்லை. நான்காவது விநாடியில் பாதி முடிந்த மயில், கடைசியில் ரவிக்கையைப் போட்டுப் பார்க்கும் மணப்பெண்ணின் தோள், அதன் மேல் ‘கையால் 3 நாள் வேலை’ என்று ஒரே வரி. மொத்தம் 28 விநாடி.

அந்த ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் எனக்கு முதல் மூன்று வேலைகள் வந்தன. மூன்றுமே தையல் சம்பந்தப்பட்டவை.

இலவசமாகச் செய்யும்போது பதிலுக்கு மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: இரண்டு மணி நேரம் தொந்தரவில்லாமல் எடுக்க அனுமதி, உங்கள் பக்கத்தில் காட்டச் சம்மதம், வீடியோ போட்ட பிறகு என்ன நடந்தது என்று உண்மையாக ஒரு வாட்ஸ்அப் செய்தி. இரண்டு, மூன்று கடையோடு இலவசத்தை நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் ஊருக்குள் அதுவே உங்கள் விலையாகிவிடும்.

ஈரோடு, கல்யாண வீடியோ எடிட்டர்: என்னிடம் இருப்பதெல்லாம் அகல வீடியோ. அதை வெர்ட்டிகலாக வெட்டிப் போட்டால் போதுமா?

4கே-யில் எடுத்திருந்தால் தாராளமாகப் போதும். 3840க்கு 2160 அளவுள்ள படத்திலிருந்து ரீல்ஸின் நெடுக்கு அளவான 9:16-க்கு வெட்டினால் 1215க்கு 2160 கிடைக்கும். ரீல்ஸுக்குத் தேவை 1080க்கு 1920தான். ஃபுல் எச்டி என்றால் 608 பிக்சல் அகலம்தான் மிஞ்சும், முகமெல்லாம் மங்கிவிடும். ஆனால் முடிந்த படத்தை அப்படியே வெட்டாதீர்கள். ரா ஃபுட்டேஜுக்கு, அதாவது எடிட் செய்யாத அசல் பதிவுக்குத் திரும்பிப் போங்கள். தாலி கட்டும் கை, நாதஸ்வரக்காரரின் கன்னம், அப்பா கண்ணைத் துடைப்பது மாதிரி நெடுக்காக நிற்கும் காட்சிகளை மட்டும் பொறுக்கி, புதிதாக எடிட் செய்யுங்கள். அதோடு, எழுத்தைக் கீழ் ஓரத்திலும் வலது ஓரத்திலும் வைக்க வேண்டாம். ஆப்பின் கேப்ஷனும் பட்டன்களும் அங்கேதான் மேலே வந்து உட்காரும்.

சேலம்: கடைக்குள் எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடுகிறது. மொபைல் பழுதா?

பழுதில்லை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். போன் விநாடிக்கு 30 ஃபிரேமில் எடுக்கும்போது அதோடு ஒத்துப்போகாது. 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 விநாடி வையுங்கள். ஐபோனில் கேமரா செட்டிங்ஸுக்குள் ‘PAL’ ஃபார்மேட்டை ஆன் செய்தால் 25 வரும். ஒரு நகைக்கடை வீடியோவில் கோடு ஓடினால், கடைக்காரர் உங்களை அமெச்சூர் என்று ஒரு நொடியில் முடிவு கட்டிவிடுவார்.

திருச்சி, ஃபிரீலான்ஸ் எடிட்டர்: டிரெண்டிங் சினிமா பாட்டு இல்லாமல் ரீல் ஓடுமா?

உங்கள் சொந்தக் கணக்கில் ஓடுகிற பாட்டு, கடையின் பிசினஸ் கணக்கில் பெரும்பாலும் கிடைக்காது. அந்தக் கணக்குகளுக்கு, உரிமைச் சிக்கல் இல்லாமல் மெட்டா தரும் இசைத் தொகுப்பான மெட்டா சவுண்ட் கலெக்‌ஷன்தான். பாட்டை எடிட்டிலேயே ஒட்டிக் கொடுத்தால், கடை பக்கத்தில் சத்தம் போய்விடலாம். பணம் கொடுத்து விளம்பரமாக ஓட்டும்போது இன்னும் சிக்கல். அதனால் மாதிரி வீடியோக்களில் பாதியாவது கடைச் சத்தத்தில் நிற்கட்டும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் ‘சொய்ங்’ சத்தத்துக்கு யாரிடமும் உரிமை வாங்க வேண்டியதில்லை.

கோவை: எடிட் செய்தது நான். அப்படியிருந்தும் கிளையண்ட் ‘உங்க பக்கத்துல போடாதீங்க’ என்கிறார். சொல்ல முடியுமா?

முடியும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17வது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து எடுக்கச் செய்த படத்துக்கு அவர்தான் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில். அந்தக் கடைசி வரிதான் நமக்கு முக்கியம். ஒப்பந்தத்தை முதலிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு துணிக்கடைக்குத் தீபாவளி கலெக்‌ஷன் வீடியோ செய்திருந்தேன். அவர்கள் வெளியிடுவதற்கு முந்தின ராத்திரி, ஆசையில் என் பக்கத்தில் போட்டுவிட்டேன். காலையில் முதலாளி கூப்பிட்டார். திட்டவே இல்லை. ‘எதிர்க்கடைக்காரன் பார்த்துட்டான்மா’ என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கடையிலிருந்து அழைப்பு வரவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

அன்றிலிருந்து என் கொட்டேஷனில் ஒரு வரி நிரந்தரமாக இருக்கிறது: ‘வீடியோ உங்கள் பக்கத்தில் வெளியாகி 7 நாள் கழித்து, என் வேலைக்கு மாதிரியாக என் பக்கத்தில் காட்டப்படும்.’ வேண்டாம் என்கிறவர்கள் அப்போதே சொல்லிவிடுவார்கள். சிலர் கொலாப் போஸ்டாகவே போடச் சம்மதிப்பார்கள். ஒரே ரீல் இரண்டு பக்கத்திலும் தெரியும், உங்கள் பெயரும் கடைப்பெயரும் சேர்ந்து நிற்கும். அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.

தஞ்சாவூர்: வியூஸ் குறைவாக உள்ள வீடியோவை வைக்கலாமா?

வைக்கலாம், கூடவே கதையை எழுதினால். ‘கேட்டரிங் கடை. ஆர்டர் எல்லாம் பழைய வாடிக்கையாளர்களிடமிருந்துதான். வளைகாப்புச் சாப்பாட்டை மட்டும் காட்டி 30 விநாடி வீடியோ. அந்த வாரம் புதிதாக நான்கு பேர் விலை கேட்டார்கள்.’ இப்படி நாலு வரி. கடைக்காரருக்கு ஒரு லட்சம் வியூஸைவிட அந்த நான்கு பேர் பெரிது. எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். அவர்கள் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள்.

கடலூர்: வெப்சைட் அவசியமா?

ஆரம்பத்தில் வேண்டாம். பயோவில் ஊர், துறை, வாட்ஸ்அப் லிங்க் போதும். டிரைவ் லிங்க் அனுப்பினால், ‘அனுமதி கேள்’ என்று வருகிறதா என்று வேறொரு போனில் திறந்து பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் நேராக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

திருநெல்வேலி, வீட்டிலிருந்து எடிட் செய்பவர்: கடைக்காரர்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கூச்சமாக இருக்கிறது அக்கா.

கூச்சப்பட ஒன்றுமில்லைம்மா, நீங்கள் அவர்களுக்கு உபயோகமான ஒன்றைத்தான் கொண்டு போகிறீர்கள். முதலில் அந்தக் கடையின் பக்கத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். அப்புறம் அவர்கள் துறையில் நீங்கள் செய்த ஒரே ஒரு வீடியோவைச் சேர்த்து இப்படி எழுதுங்கள்: ‘வணக்கம் அண்ணாச்சி, உங்க கடை அல்வாவை இலையில் வைக்கும் வீடியோ பார்த்தேன். நெய் மினுமினுப்பு கடைசியில்தான் தெரியுது. அதையே முதலில் வைத்தால் இன்னும் நிறைய பேர் நின்று பார்ப்பார்கள். நான் செய்த ஒரு இனிப்புக்கடை வீடியோ இதோடு இருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.’ விலையை அவர் கேட்ட பிறகு சொல்லலாம். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை மறுபடி எழுதுங்கள். காலை பதினொரு மணிக்கு மேல் அனுப்பினால் நல்லது, அதற்கு முன்னால் கடையில் கூட்டம் இருக்கும்.